ஏழாம் தலைமுறைக் கணினியை என்ன செய்யலாம்?

என் மேசைக் கணினிக்குள் இருப்பது இன்டெல் ஐ5-7400 பிராசசர். அந்த 7 இருக்கும் இடத்தில் 8 இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது. 2017-ஆம் ஆண்டின் நடுவில் வாங்கினேன். எட்டாம் தலைமுறைச் சில்லுகள் அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்துவிட்டன. 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 வெளியானபோது மைக்ரோசாஃப்ட் கோடு கிழித்த இடம் ஏறக்குறைய அதுதான். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்து. கூடவே டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சில மாதங்கள் பொறுத்திருக்கலாம் என்பது வாங்கிய அன்று எனக்கு எப்படித் தெரியும்?

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. மறுநாள் காலை கணினி எப்போதும்போல எழுந்தது, எப்போதும்போல மெதுவாக. நின்றுபோனது ஒன்றுதான்: புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க மாதந்தோறும் வந்துகொண்டிருந்த திருத்தம். வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியில் அது சின்ன விஷயம் இல்லை.

என் கணினி மட்டும் என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிவெடுத்திருப்பேன். ஈரோட்டில் வரித் தாக்கல் அலுவலகம் நடத்தும் என் மைத்துனனிடமும், சிவகாசியில் அச்சுக்குப் பக்கம் அமைத்துத் தரும் டிடிபி தொழில் செய்யும் அண்ணாச்சி ஒருவரிடமும் அதே வயதுக் கணினிகள் இருந்தன. இருவரும் என்னைக் கேட்டார்கள். முதலில் ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டேன். விலை, வேகம், பாதுகாப்பு, அழகு என்று பத்தி பிரித்து விண்டோஸ், இலவச இயங்குதளமான லினக்ஸ், ஆப்பிளின் மேக் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். லினக்ஸ் வென்றது. அந்த மதிப்பெண் பட்டியலை வைத்துக்கொண்டு மூவரில் ஒருவருக்குக்கூட வழி சொல்ல முடியவில்லை. தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு வேறு மாதிரி யோசிக்க வேண்டியிருந்தது.

இருக்கிற இடத்திலேயே இருப்பது

எதையும் மாற்றாமல் இருப்பதும் ஒரு தேர்வுதான். விண்டோஸ் 10-க்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்கள் என்று ஒரு திட்டத்தை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. வீட்டுக் கணினிகளுக்கு அது 2026 அக்டோபர் 13 வரை. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து கணினியின் அமைப்புகளை இணையத்தில் சேமிக்கச் சம்மதித்தால் பணம் இல்லை; அது பிடிக்காதவர்கள் 30 டாலர் கட்டலாம், அல்லது அந்த நிறுவனத்தின் பரிசுப் புள்ளிகள் 1,000 இருந்தால் அவற்றைக் கொடுக்கலாம். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னவரிடம் கேட்டு வாங்கும் அவகாசம் போன்றது இது. வீடு நமக்குத் திரும்பப்போவதில்லை, ஆனால் அவசரத்தில் மோசமான வீட்டுக்குக் குடிபோக வேண்டியதும் இல்லை. எந்தப் பக்கம் போவதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துகொள்வது நல்லது என்பது என் கட்சி.

அடுத்தது, வாசலில் தடுத்தாலும் கொல்லைப்புறமாக நுழைவது. ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் விண்டோஸ் 11 நிறுவும் பென் டிரைவைத் தயாரிக்கும்போதே டிபிஎம் சோதனையை எடுத்துவிடலாம். ஏழாம் தலைமுறைக் கணினியில் அது ஓடவும் ஓடும். ஆனால் தகுதியில்லாத கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. ஆண்டுதோறும் வரும் பெரிய பதிப்பை நாமே மறுபடியும் கையால் ஏற்ற வேண்டியிருக்கும். சொந்தக் கணினியில் விளையாடிப் பார்க்கலாம். மற்றவர் பிழைப்பு நடக்கும் கணினியில் நான் இதைச் செய்ய மாட்டேன்.

கடையில் ‘போட்டுக் கொடுத்த’ விண்டோஸ் பற்றியும் ஒரு வார்த்தை. அசெம்பிள் செய்த கணினி வைத்திருப்பவர்களில் பலருக்குத் தங்கள் விண்டோஸ் உரிமம் உள்ளதா என்றே தெரியாது. அதை உயிர்ப்பிக்கப் போட்ட திருட்டு நிரல் உள்ளே என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட கணினியில் பாதுகாப்புத் திருத்தம் நின்றுவிட்டதே என்று கவலைப்படுவது, பூட்டில்லாத வீட்டுக்கு ஜன்னல் கம்பி சரியில்லை என்று வருந்துவதைப் போன்றது.

முதலில் வட்டை மாற்றுங்கள்

இயங்குதளத்தைப் பற்றிப் பேசவந்தவர்களில் பாதிப்பேர் உண்மையில் பேசுவது வேகத்தைப் பற்றித்தான். “விண்டோஸ் மெதுவாக இருக்கிறது, லினக்ஸ் போடலாமா?” என்கிறார்கள். திறந்து பார்த்தால் உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும். என்னுடையதும் அப்படித்தான்: 1 டிபி ஹார்டு டிஸ்க், 8 ஜிபி ரேம். பொத்தானை அழுத்திவிட்டு அடுக்களைக்குப் போய்க் காபி கலந்து வருவதற்குச் சரியாக இருக்கும். சென்னை ரிச்சி தெருவில், சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி வட்டு ஒன்றை வாங்கி மாட்டியதும் அதே விண்டோஸ் 10, அதே பிராசசர், அரை நிமிடத்துக்குள் எழுந்தது. காபியை இப்போது உட்கார்ந்து குடிக்கிறேன்.

எனவே எதை நிறுவுவதாக இருந்தாலும் எஸ்எஸ்டி முதல் செலவு. ரேம் இரண்டாவது, 8 ஜிபி வைத்துக்கொண்டு ஓட்டலாம், 16 இருந்தால் உலாவியில் முப்பது டேப்களைத் திறந்து வைக்கும் என்னைப் போன்றவர்களுக்குச் சௌகரியம். 2025-இன் கடைசியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. அதனால் பழைய டிடிஆர்4 ரேம் குச்சிகளைத் தூக்கிப் போடாதீர்கள். பழைய ஹார்டு டிஸ்கை ஒரு வெளிப்பெட்டியில் போட்டு, காப்புப் படி எடுக்க வைத்துக்கொள்ளலாம்.

மசியாத ஒன்று

மதிப்பெண் தாளைக் கசக்கிய பிறகு மூவரின் மேசைகளையும் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு மேசையிலும் எதற்கும் மசியாத ஒரு பொருள் இருக்கிறது. ஒரு மென்பொருள், ஒரு கருவி, ஒரு பழைய கோப்பு, விரல்களின் ஒரு பழக்கம். மற்ற எல்லாவற்றுக்கும் மாற்று கிடைக்கும். அதற்கு மட்டும் கிடைக்காது. இயங்குதளத்தைத் தேர்வது நாம் இல்லை, அந்தப் பொருள்தான்.

மைத்துனன் விஷயத்தில் அது டேலி என்ற கணக்கு மென்பொருளும், டிஜிட்டல் கையெழுத்துக்கான டிஎஸ்சி டோக்கனும். டேலி பிரைம் விண்டோஸில் ஓடுவது. மேகக்கணி வழியாக வாடகைக்கு எடுத்து உலாவியில் பயன்படுத்தலாம். ஆனால் மாதக் கட்டணமும் தடையில்லாத இணையமும் வேண்டும். ஜிஎஸ்டி தாக்கலில் தனிநபர் வியாபாரிகள் கைபேசிக்கு வரும் ஓடிபியை வைத்தே முடித்துவிடலாம். கம்பெனிகளுக்கும் எல்எல்பி வகைக் கூட்டாண்மைகளுக்கும் டிஜிட்டல் கையெழுத்து கட்டாயம். அந்தக் கையெழுத்து ஒரு யுஎஸ்பி டோக்கனுக்குள் இருக்கிறது. லினக்ஸுக்கும் டிரைவர் தரும் டோக்கன்கள் உண்டு. ஆனால் மாதம் 20-ஆம் தேதி இரவு பத்து மணிக்கு டோக்கன் முரண்டு பிடித்தால், உதவிக்குத் தொலைபேசியில் வருகிறவர் “ஸ்டார்ட் பொத்தானை அழுத்துங்கள்” என்றுதான் ஆரம்பிப்பார்.

“மாமா, லினக்ஸ் இலவசம்தானே?” என்று கேட்டான்.

“இலவசம்தான். உன் கட்சிக்காரருக்கு விழும் தாமதக் கட்டணம் இலவசம் இல்லை” என்றேன். விண்டோஸ் 11 புரோவுடன் புதுக் கணினி வாங்கச் சொல்லி, பேச்சை ஐந்து நிமிடத்தில் முடித்தேன். ஒரே ஒரு எச்சரிக்கை மட்டும் கொடுத்தேன். புதிய விண்டோஸ் 11 கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைக்கும்போது வட்டு தானாகவே பூட்டாக்கம் செய்யப்படுவதுண்டு. மதர்போர்டு அமைப்பு எதையாவது மாற்றினால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டுக்கொண்டு நின்றுவிடும். அந்தச் சாவி இணையக் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கின் கடவுச்சொல் யாருக்கும் நினைவிருக்காது. வாங்கிய அன்றே சாவியை அச்சிட்டு, பத்திரப் பெட்டியில் வைக்கச் சொன்னேன். வைத்திருக்கிறானா என்று இன்னும் பார்க்கவில்லை.

சிவகாசி அண்ணாச்சியின் மேசையில் மசியாத பொருள், பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7. 2001-க்குப் பிறகு அடுத்த பதிப்பே வராத மென்பொருள் அது. காலண்டர், கல்யாணப் பத்திரிகை, பில் புத்தகம் எல்லாம் அதில்தான். இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த கோப்புகள். வாடிக்கையாளர் வந்து “போன வருடம் போட்டதுதான், கடைப் பெயரை மட்டும் மாற்றுங்கள்” என்றால் மூன்று நிமிடத்தில் எடுத்துத் தருவார். அந்தக் கோப்புகளின் தமிழ், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு இல்லை, அதற்கு முந்தைய எழுத்துருக்களின் குறியாக்கம். பேஜ்மேக்கரின் இடத்துக்கு வந்த இன்டிசைனுக்கு மாற்றலாமே என்றால், பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் கடைசி இன்டிசைன் சிஎஸ்6. அதற்குப் பின் வந்தவை திறக்காது. திறந்தாலும் வரிகள் இடம் மாறி, ஒவ்வொரு பக்கத்தையும் மறுபடி கோக்க வேண்டும்.

லினக்ஸில் விர்ச்சுவல் பாக்ஸ் போட்டு, அதற்குள் விண்டோஸ், அதற்குள் பேஜ்மேக்கர் என்று என் கணினியில் ஓட்டிக் காட்டினேன். நன்றாகவே ஓடியது. அண்ணாச்சி நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, கணினிக்குள்ளே இன்னொரு கணினியா? கரண்ட் போனால் எதை முதலில் அணைப்பது?” என்றார். என்னிடம் பதில் இருந்தது. அவருக்கு அது தேவைப்படவில்லை என்பதும் புரிந்தது.

அவருக்குச் சொன்ன வழி, கணினிக்காரர்கள் யாரும் மேடையில் பேசாத வழி. பேஜ்மேக்கர் கணினி விண்டோஸ் 10-லேயே இருக்கட்டும், இணையக் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் படங்களை எடுக்கவும், பிடிஎஃப் கோப்பை அச்சுத் தட்டு எடுக்கும் இடத்துக்கு அனுப்பவும் இன்னொரு பழைய கணினியில் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட் போட்டுக்கொடுத்தேன். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு பென் டிரைவ். அதில் சிவப்பு ஒட்டுத்தாள். அந்தப் பென் டிரைவ் வேறு எந்தக் கணினியிலும் செருகப்படக் கூடாது. இது முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென் டிரைவை மின்ட் கணினியில் மட்டும் செருகும் வரை, தாங்கும்.

என் மேசை, என் விரல்கள்

மூன்றாவது மேசை என்னுடையது. நான் மொழிபெயர்ப்பாளன். என்னிடம் டேலி இல்லை, பேஜ்மேக்கர் இல்லை. மசியாதவை இரண்டு: தமிழ்99 விசைப்பலகைக்குப் பழகிய பத்து விரல்கள், பதிப்பகத்திலிருந்து வரும் வேர்டு கோப்புகள்.

தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவாகி, தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழும். ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். இந்தத் தானியங்கிப் புள்ளி இல்லாத தமிழ்99, சர்க்கரை இல்லாத பாயசம்.

விண்டோஸில் இத்தனை ஆண்டுகள் தமிழில் தட்டச்சு செய்ய என்எச்எம் ரைட்டர் மென்பொருளை வைத்துக் காலம் தள்ளினேன். பலர் இகலப்பை வைத்திருப்பார்கள். விண்டோஸ் 11-இல் தமிழ்99-ம், ஆங்கில ஒலிப்படி தட்டும் அஞ்சல் விசைப்பலகையும் மைக்ரோசாஃப்டே தருகிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். லினக்ஸில் ஒரு பொறி இருக்கிறது. விசைப்பலகைப் பட்டியலில் தமிழ்நெட்99 என்ற பெயரைப் பார்த்ததும் மகிழ்ந்து சேர்த்துவிடுவோம். அது ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற அடிப்படையில் இயங்குவது. முன்னால் என்ன தட்டினோம் என்பது அதற்குத் தெரியாது, ஆகவே புள்ளி தானாக விழாது. நமக்கு வேண்டியது ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியும் அதோடு சேரும் எம்17என் தொகுப்பும். அதற்குள் இருக்கும் தமிழ்99-ஐச் சேர்த்தால் விரல்கள் வீட்டுக்கு வந்துவிடும். இந்த ஒரு வேறுபாடு தெரியாமல் “லினக்ஸில் தமிழ் சரியாக வராது” என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும். தட்டச்சுப் பயிற்சி முடித்தவர்களுக்கான பழைய தட்டச்சு அமைப்பும், ஒலிபெயர்ப்பு அமைப்பும் அதே பட்டியலில் உண்டு.

லினக்ஸில் பல வகை உண்டு; எந்த லினக்ஸ் என்பது அடுத்த தலைவலி. ஒரு வாரம் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்தேன். வட்டைத் தொடாமல் இப்படிச் சோதிக்க முடிவது லினக்ஸின் பெரிய தாராளம். உபுண்டு கண்ணுக்கு நன்றாக இருந்தது, ஆனால் அது என் பழக்கத்தை அதன் வழிக்கு வளைக்கப் பார்த்தது. ஜோரின், விண்டோஸிலிருந்து வருபவர்களுக்கென்றே தோற்றம் அமைத்தது. அதன் 18-ஆம் பதிப்பை விண்டோஸ் 10 விடைபெற்ற அதே அக்டோபர் 14 அன்று வெளியிட்டார்கள், வியாபார மூளை. கேடிஇ பிளாஸ்மா என்ற திரைத் தோற்றத்தில் மாற்ற முடியாதது எதுவும் இல்லை. அதுவே அதன் ஆபத்து, கீழே சொல்கிறேன். கடைசியில் லினக்ஸ் மின்ட், சின்னமன் தோற்றத்தோடு. மின்ட் 22 வரிசை 2024 ஜூலையில் வந்தது. 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் உண்டு. ஸ்டார்ட் பட்டியல் இடது மூலையில், கடிகாரம் வலது மூலையில். என் மனைவி உட்கார்ந்து எதுவும் கேட்காமல் ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு எழுந்தாள். அதைவிட நல்ல பரீட்சை எனக்குத் தெரியவில்லை. 4 ஜிபி ரேம்தான் இருக்கிறது என்பவர்கள் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுக்கலாம்.

லினக்ஸ் தமிழ்நாட்டுக்குப் புதிது என்று நினைப்பவர்களுக்கு: 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது அது. என் பக்கத்து வீட்டுப் பையன் மடிக்கணினி வந்த அன்று மாலையே அதை அழித்துவிட்டு அந்த இடத்தில் படங்களை நிரப்பினான். யாராவது ஒருவர் அவனுக்குத் தமிழ்99-ஐயாவது அதில் காட்டியிருக்கலாம்.

என் சொந்தச் சறுக்கல் பதிப்பகக் கோப்பில். முதல் வாரம் கேடிஇ ஓட்டியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சின்னங்கள், நிழல்கள், ஒளி ஊடுருவும் பட்டைகள் என்று திரையை மணப்பெண் போல அலங்கரித்தேன். திங்கட்கிழமை காலை 212 பக்க வேர்டு கோப்பை, லினக்ஸின் இலவச லிபர்ஆபிஸில் திறந்தால் 219 பக்கம். பொருளடக்கத்தின் எண்கள் எல்லாம் பிசகிவிட்டன. காரணம் எளிது: கோப்பு நிர்மலா எழுத்துருவில் அமைந்தது; அது விண்டோஸோடு வருவது, லினக்ஸில் இல்லை; அதன் இடத்தில் நோட்டோ என்ற எழுத்துரு வந்து உட்கார்ந்தது, அதன் அகலமும் வரி உயரமும் வேறு. விண்டோஸின் எழுத்துருக்களை அள்ளி லினக்ஸில் போட உரிமம் இடம் கொடுக்காது. பதிப்பகத்தோடு பேசி, இரு பக்கமும் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ செரிஃப் தமிழையே இனி பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம். ஒரு தொலைபேசி அழைப்பில் முடிந்த வேலை. அதைச் செய்யாமல்தான் ஒரு நாள் முழுக்க நிழலின் அடர்த்தியைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே வட்டில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு குறிப்பு. லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கி நிற்கலாம். கணினி கெட்டுவிடவில்லை. மதர்போர்டின் கடிகாரத்தை லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் வைக்கிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று படிக்கிறது. இடையே உள்ளது நம் இந்திய நேர வித்தியாசம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்ற ஒரு வரிக் கட்டளை போதும். இரண்டாவது, விண்டோஸின் வேகத் தொடக்க வசதியை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை, அரைத்தூக்கத்தில் இருக்கிறது. லினக்ஸிலிருந்து அந்தப் பகுதியைத் திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது.

பென் டிரைவில் ஓட்டும் வாரத்தில் பார்க்க வேண்டியவை வைஃபை, ஒலி, கேமரா, மடிக்கணினியானால் மூடித் திறந்ததும் எழுகிறதா என்பது, எல்லாவற்றுக்கும் மேல் பிரிண்டர். என் பழைய லேசர் பிரிண்டர் விண்டோஸில் பத்தாண்டுகள் உழைத்தது. லினக்ஸில் ஒரு பக்கத்தை அச்சிட்டுவிட்டு இரண்டாவது பக்கத்தில் விரதம் இருக்கிறது. இன்றுவரை தீரவில்லை. முக்கியமான அச்சுக்கு விண்டோஸுக்குத்தான் போகிறேன்.

மேக் யாருக்கு

மேக்கை நான் வாங்கவில்லை என்றாலும் நியாயமாகச் சொல்ல வேண்டும். எம்4 சில்லோடு 2024 நவம்பரில் கடைக்கு வந்த மேக் மினியின் அப்போதைய தொடக்க விலை 59,900 ரூபாய். 16 ஜிபி ரேம், உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பெட்டி. சும்மா இருக்கும்போது சில வாட் மின்சாரமே குடிப்பதால் இன்வெர்ட்டர் வீட்டுக்கு வரப்பிரசாதம். தமிழுக்கு அங்கே மரியாதை உண்டு. தமிழ்99, அஞ்சல் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. தமிழ் சங்கம் எம்என் என்ற எழுத்துருவின் வாலில் இருக்கும் எம்என், மலேசியாவின் முத்து நெடுமாறன். முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய அவரேதான்.

திரை, விசைப்பலகை, மவுஸ் தனிச் செலவு. ரேமைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் அன்று எடுத்த முடிவோடு கடைசிவரை வாழ வேண்டும். என் 2017 கணினிக்கு ரேமும் எஸ்எஸ்டியும் நானே மாட்டியவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. வீடியோ தொகுப்பவர்களுக்கும் இசை அமைப்பவர்களுக்கும் உறுத்தாது. ஒன்றை மட்டும் தவிருங்கள்: மலிவாகக் கிடைக்கிறதே என்று இன்டெல் சில்லுள்ள பழைய மேக். 2025-இல் வந்த டஹோ என்ற மேக்ஓஎஸ்தான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளே சொல்லிவிட்டது. ஏழாம் தலைமுறையை விட்டு ஓடி இன்னொரு ஏழாம் தலைமுறையில் விழுந்த கதையாகிவிடும்.

கூகுளின் குரோம்ஓஎஸ் ஃபிளெக்ஸ் பழைய கணினிகளில் இலவசமாகப் போடக்கூடியது. ஆண்ட்ராய்டு செயலிகள் ஓடாது, பெரும்பாலும் உலாவிதான். செய்தித்தாளும் யூடியூபும் பேரனின் முகமும் போதும் என்கிற பெரியவர்களுக்கு அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

அலங்காரத்தில் எது தேறும்

திரையை விதவிதமாக மாற்றிக் காட்டும் கலைக்கு லினக்ஸ் ரசிகர்களிடையே ‘ரைஸிங்’ என்று பெயர். பெயரில் அரிசி இருக்கிறதே தவிர, அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் மதியச் சோறு ஆறியதுதான் மிச்சம். பார்க்க அழகு, ஒத்துக்கொள்கிறேன். உபுண்டுவின் க்னோம் தோற்றத்தில் நீட்சிகளை ஒட்டி அழகுபடுத்தினால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிய க்னோம் வரும்போது சில நீட்சிகள் உடைந்துபோகும். மறுபடி ஒட்ட வேண்டும்.

மாற்றியதில் எனக்கு நிலைத்தவை இரண்டே. முதலாவது, பட்டையை இடது ஓரத்துக்கு நகர்த்தியது. இன்றைய திரைகளில் அகலம் மிஞ்சிக் கிடக்கிறது, உயரம்தான் பற்றாக்குறை. இடது ஓரத்தில் பட்டையை வைத்தால் மூலமும் மொழிபெயர்ப்பும் பக்கம் பக்கமாக இருக்கும்போது இரண்டு வரிகள் கூடுதலாகத் தெரிகின்றன. மின்டில் வலது சொடுக்கில் முடிகிறது. மேக்கின் டாக் பட்டையும் நகரும். விண்டோஸ் 10 வரை இது சாத்தியமாக இருந்தது. விண்டோஸ் 11 வெளியானபோது பட்டையைக் கீழேயே ஆணியடித்துவிட்டார்கள். இவ்வளவு பெரிய நிறுவனம் ஏன் இந்தச் சின்னச் சுதந்திரத்தைப் பிடுங்கியது என்று எனக்கு இன்னும் கோபம்.

இரண்டாவது, கேப்ஸ் லாக் விசை. தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது. இடது சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் இவ்வளவு நல்ல இடத்தில் ஒரு விசை சும்மா இருக்கிறது. அதைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறும் விசையாக்கினேன். மேக்கில் இதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. லினக்ஸில் ஐபஸ் அமைப்பிலேயே ஒதுக்கலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் கருவியால் கேப்ஸ் லாக்கை விண்டோஸ்-ஸ்பேஸ் சேர்க்கையாக மாற்றலாம். மூன்று இயங்குதளத்திலும் அதே விசை என்றால் எதில் உட்கார்ந்தாலும் விரல் தடுமாறாது. ஈரோட்டில் மைத்துனனுக்கும் இதைச் செய்துகொடுத்தேன். புதுக் கணினியில் அவனுக்குப் பிடித்தது அது ஒன்றுதான் என்கிறான்.

இப்போது என் எஸ்எஸ்டியில் 120 ஜிபி மட்டும் விண்டோஸ் 10-க்கு, மீதி மின்டுக்கு. பிரிண்டருக்காக மாதம் இரண்டு முறை விண்டோஸைத் திறக்கிறேன். டைம்ஷிஃப்ட் கருவி மின்டை வாரந்தோறும் படி எடுத்து வைக்கிறது. அது இயங்குதளத்துக்கு மட்டும், என் மொழிபெயர்ப்புகள் பழைய ஹார்டு டிஸ்கில் தனியாக.

பேஜ்மேக்கர் கோப்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாக யூனிகோடுக்கு மாற்றலாம், அடிக்கடி வரும் பத்து வாடிக்கையாளர்களிலிருந்து தொடங்கலாம் என்று அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டும், அதுவரை பென் டிரைவோடு சிவகாசிப் பக்கம் வந்துவிடாதே என்று சொல்லிவிட்டார்.